உப்புக் காற்றில் பிடித்துப்போன பிளாக்: முதல்முறை கழற்றுகிறவர்களுக்கு

இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கீழக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் எட்டு வருடம் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை என் இருபத்திரண்டாவது வயதில் வாங்கினேன். வண்டிக்காரர் வளைகுடா வேலைக்குப் போனவர். வருடா வருடம் வந்து ஓட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார், ஓட்டவே இல்லை. கிக்கரை மிதித்தால் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. உச்சிப்புளிக்கு ஏற்றி வந்த அன்று இரவே என்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அதன் கீழே, பிஸ்டன் ஏறி இறங்குகிற பிளாக் வரவில்லை. பிளாக்கைச் சுற்றிச் சூடு ஆற்றுகிற தகடுகளான ஃபின்களில் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன். நான்காவது தட்டில் இரண்டு ஃபின் உடைந்து கையோடு வந்தன.

மறுநாள் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பட்டறை அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, எது புடிச்சிருக்குன்னு பாத்தியா? பாக்காம எதைப் போட்டு அடிச்ச?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிஸ்டன் பிடித்திருக்கிறதா, பிளாக்கைப் பூட்டி நிறுத்துகிற ஸ்டட் கம்பி பிடித்திருக்கிறதா, அடியில் வைத்த பேக்கிங் ஒட்டியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கு யாராவது பழைய வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தால் நான் முதலில் எனக்கே கேட்டுக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். இங்கே எழுதுவதும் அதற்கான பதில்தான்.

நான் சொல்வது ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி அது. 98 சிசி, பிஸ்டன் குறுக்களவு 50 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் ஓட்டமும் 50 மில்லிமீட்டர். ஹெட்டில் வால்வு கிடையாது, டைமிங் சங்கிலி கிடையாது. ஹெட், பிளாக், பிஸ்டன், அவ்வளவுதான். வேலை பழக இதைவிட நல்ல என்ஜின் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சங்கிலியும் வால்வும் குறுக்கே வரும், அதை முதல் வண்டியாக எடுக்காதீர்கள்.

நம் கரையில் ஏன் இப்படிப் பிடிக்கிறது

மதுரையில் எட்டு வருடம் நின்ற வண்டியும் தங்கச்சிமடத்தில் எட்டு வருடம் நின்ற வண்டியும் ஒன்றல்ல. நமக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றோடு உப்பு வருகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது.

என்ஜினுக்குள் இந்த உப்பு இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. ஒன்று, ஸ்டட். பிளாக்கின் வெளிப்புறம் அலுமினியம், அதன் நான்கு மூலையிலும் துளை வழியாகப் போகிற நீளமான ஸ்டட் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். கரைவது அலுமினியம். கரைந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்தப் பூப்புக்கு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். துளைக்குள் அதற்கு இடமில்லை, அதனால் ஸ்டட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, பிஸ்டன். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் கீழே நின்றுவிட்டால் புகை போகும் வழி முழுக்கத் திறந்துதான் இருக்கும். சைலன்சர் வாய் வழியாக வருகிற கடல் காற்று நேராக பிளாக்கின் உள்சுவருக்கே போய்விடும். அந்தச் சுவர் வார்ப்பிரும்பு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் துரு பிடித்து ரிங்கையும் சுவரையும் ஒன்றாக்கிவிடும்.

கழற்றுவதற்கு முன்: எது பிடித்திருக்கிறது?

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நின்றுகொண்டிருக்கும்போது பிடித்ததா என்று முதலில் கேளுங்கள். ஓடும்போது ஆயில் பற்றாமல் பிடித்த வண்டி பெரும்பாலும் ஆறினதும் தானே விட்டுவிடும். ஆனால் உள்ளே பிஸ்டனின் அலுமினியம் சுவரில் இழுபட்டிருக்கும். அது வேறு வேலை. நின்றே பிடித்ததென்றால் துருதான், அதற்குத்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு இடது பக்கத்தில், மின்சாரம் உண்டாக்கச் சுற்றுகிற மேக்னட்டின் மூடியைத் திறங்கள். இதைப் பலரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் மேக்னட்டே துருவேறி, உள்ளே இருக்கிற காயிலோடு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் நன்றாக இருக்கும், என்ஜின் மட்டும் சுற்றாது. அந்த இடுக்கில் செம்மண் மாதிரித் துரு கொட்டினால் முதலில் மேக்னட்டைப் புல்லர் என்கிற இழுக்கும் கருவி போட்டு எடுத்துவிட்டுப் பாருங்கள். தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு வண்டியில் இதோடு வேலை முடிந்தது. பிளாக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் டார்ச் அடித்துப் பார்த்து, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஐஸ்கிரீம் குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டாலும் போதும். மேலே நிற்கிறதா, நடுவிலா, அடியிலா என்பதை வைத்துத்தான் பின்னால் செய்யப்போகிற வேலை முழுவதும் மாறும்.

ஊற வைப்பது

இந்தப் பகுதியில் அவசரப்பட்டவர்கள்தான் என்னிடம் உடைந்த பிளாக்கோடு வருகிறார்கள். ஒரு வாரம் ஒதுக்க முடியாது என்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலும் அசிட்டோனும் சம அளவு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது, நின்றால் பிரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் ரப்பரையும் பெயின்ட்டையும் தின்றுவிடும், சட்டென்று தீப்பிடிக்கும். பீடி, சிகரெட், பக்கத்தில் எரிகிற அடுப்பு எதுவும் கூடாது. அசிட்டோன் கிடைக்கவில்லையா, டீசலும், இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றுங்கள். மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும்.

பிளக் துளை வழியாக, பிஸ்டன் நிற்கிற உயரத்தைப் பார்த்து வழியாத அளவுக்கு ஊற்றுங்கள். இது பிஸ்டனின் தலைக்கு மட்டும்தான் போகும். பக்கவாட்டுக்கும் போக வேண்டும் என்பதால் சைலன்சரைக் கழற்றி, அந்த வாய் வழியாகச் சிரிஞ்சில் பீய்ச்சி அடியுங்கள். கார்பரேட்டரைக் கழற்றி அந்தப் பக்கமும் கொஞ்சம் விடுங்கள். ஹெட் நட்டு நான்கிலும் தலைக்கு ஒரு சொட்டு. காலையும் மாலையும் இப்படிச் செய்து, கடைசியில் பிளக் துளையைத் துணியால் மூடிவிடுங்கள்.

சைலன்சரின் நட்டே வராமல் போகலாம். அதுதான் முதல் பரீட்சை. அறுமுனை உள்ள ரிங் ஸ்பானரோ பாக்ஸ் ஸ்பானரோ போடுங்கள். பன்னிரண்டு முனை ஸ்பானர் துருவேறிய நட்டின் மூலையை மழுக்கிவிடும். நேராகக் கழற்றும் பக்கம் இழுக்காமல் முதலில் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தால் துரு உடைந்தது என்று அர்த்தம். அப்புறம் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாகவே வரவேண்டும். ஸ்பானர் ரப்பர் மாதிரி இழுபடுவதாகக் கையில் உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே முறுக்கிக்கொள்வது ஸ்டட், அடுத்த இழுப்பில் ஒடியும்.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒருமுறை வண்டியை நான்காம் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். டாப் கியர்தான் வேண்டும். அதில்தான் சக்கரத்தில் நாம் கொடுக்கும் பலம் அதிகமாக, பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிற தண்டான கிராங்குக்குப் போய்ச் சேரும். முதல் கியரில் எவ்வளவு இழுத்தாலும் பாதி வீண். கிக்கரில் ஏறி மிதிக்க வேண்டாம், உள்ளே கிக்கர் பல் போய்விடும். பாதி வண்டிகள் இந்த ஆட்டத்திலேயே விட்டுக்கொடுத்துவிடும். பிஸ்டன் ஒரு நூல் அசைந்தாலும் போதும், ஆயில் அந்த வழியாக உள்ளே இறங்கும், அடுத்த நாள் இரண்டு நூல் அசையும்.

ஹெட்டைத் திறப்பது

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே, வெகுதூரம் தள்ளி வையுங்கள். பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள். ஹெட் நட்டு நான்கையும் குறுக்குக் குறுக்காகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளையும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றி வந்தால் பயப்பட வேண்டாம். முழு ஸ்டட்டும் மேலே வந்துவிட்டால் நமக்கு லாபம்தான்.

ஹெட் வந்ததும் உள்ளே தெரியும் சுவரில், பிஸ்டனுக்கு மேலே உள்ள துருவை நைஸான உப்புத்தாளில் ஆயில் தொட்டுத் தேய்த்து எடுங்கள். துணியால் துடைத்து மறுபடி ஆயில் விடுங்கள்.

பிஸ்டன் நடுவில் நிற்கிறதென்றால் ஒரு வழி இருக்கிறது. பூவரசு அல்லது வேப்பங்கட்டையைப் பிஸ்டன் அளவுக்கு, 48 மில்லிமீட்டர் குறுக்களவில் உருட்டாகச் செதுக்கி மேலே வைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கட்டை தட்டையாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் தலை குழிந்துவிடும். பத்துத் தட்டு, அப்புறம் சக்கரத்தை ஆட்டுங்கள், மறுபடி பத்துத் தட்டு.

பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் இதைச் செய்யவே கூடாது. அந்த நிலையில், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட் கிராங்கோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும். எவ்வளவு அடித்தாலும் கிராங்க் சுற்றாது. அடி முழுவதும் ராடிலும் பேரிங்கிலும் போய் விழும். பிளாக்கைக் காப்பாற்றப் போய் கிராங்கைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சூடு: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

ஸ்டட் பிடித்திருந்தால் சூடு நல்ல மருந்து. ஒரு மீட்டர் அலுமினியம் நூறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் நீளும், இரும்பு 1.2 மில்லிமீட்டர்தான். பிளாக்கைச் சூடாக்கினால் ஸ்டட் துளை ஸ்டட்டைவிட வேகமாக விரியும். அவ்வளவு சின்னத் துளையில் அந்த வித்தியாசம் ஒரு மயிரிழையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அது போதும், வெள்ளைப் பூப்பு வெடிக்கும், ஆறும்போது ஆயிலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிஸ்டன் பிடித்திருந்தால் இதே கணக்கு நமக்கு எதிராக நிற்கிறது. அங்கே உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே சூழ்ந்திருப்பது வார்ப்பிரும்பு. எல்லாம் சேர்ந்து சூடானால் பிஸ்டன் இன்னும் இறுகும். அதனால் பிஸ்டன் விஷயத்தில் சூடாக இருக்கும்போது எதையும் இழுக்காதீர்கள். சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, ஆறின பிறகு முயலுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு நெருப்புச் சுவாலையை நான் சொல்லவே மாட்டேன். ஆயில், அசிட்டோன், பெட்ரோல் ஆவி எல்லாம் இருக்கிற இடம் அது. அசிட்டோன் முழுக்கக் காய்ந்துபோன பிறகென்றால் ஹீட் கன் நல்லது. இல்லையா, பழைய துண்டு இரண்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இடுக்கியால் எடுத்து பிளாக்கைச் சுற்றிப் போர்த்துங்கள். மேல் வாயைத் துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள், தண்ணீர் உள்ளே போகக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டை மாற்றி நாலைந்து முறை செய்தால் கை வைக்க முடியாத சூடு வந்துவிடும்.

பிளாக்கை அசைப்பது

ஸ்டட்டை விடுவிக்க, சூடு இருக்கும்போதே, பிளாக்கின் பருத்த இடங்களில் தட்டுங்கள். கார்பரேட்டர் உட்காரும் கழுத்தின் அடிப்பாகம், சைலன்சர் வாயின் அடிப்பாகம், இந்த இரண்டும்தான் அடி தாங்கும். கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று மாற்றி மாற்றி, கீழிருந்து மேலாக. ஃபின் பக்கம் போகவே கூடாது, என் முதல் வண்டியில் உடைந்த அந்த இரண்டு ஃபின்கள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கின்றன.

பேக்கிங் ஒட்டியிருக்கும் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பத் தோன்றும். வேண்டாம். அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் பிளாக்குக்கு அடியிலுள்ள கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. அங்கே காற்று ஒழுகினால் கலவை மெலிந்து, என்ஜின் சூடாகி, புதிதாகப் போட்ட பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

பிளாக் அடியில் மெல்லிய கோடு மாதிரி ஒரு இடைவெளி தெரிய ஆரம்பித்தால் ஸ்டட்டும் பேக்கிங்கும் விட்டுவிட்டன. இப்போது பிஸ்டன் மட்டும்தான் பாக்கி என்றால், அண்ணன் எனக்குக் காட்டிய வழியைச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் மிகவும் நேசிப்பது இதைத்தான், ஏனென்றால் இங்கே அடிக்கிற வேலையே இல்லை.

பிளாக் முழுக்க ஆறினதும் டாப் கியரில் போட்டு, பிஸ்டன் மேலே போகும் பக்கமாகச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் பிளாக்கைப் பிடித்திருக்கிறது, பிளாக்கை இப்போது எதுவும் பிடிக்கவில்லை. அதனால் பிஸ்டன் பிளாக்கையும் தூக்கிக்கொண்டு ஸ்டட்டின் மேலேயே ஏறும். முழு ஓட்டமும் கிடைத்தால் 50 மில்லிமீட்டர் வரை உயரும். ஏறின இடத்தில் பிளாக்குக்கும் கிராங்க் அறைப் பெட்டிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒரே உயரமுள்ள மரத்துண்டு இரண்டை நிறுத்துங்கள். ராடுக்கு இடிக்காமல், பேக்கிங் முகத்தில் தட்டையாக உட்கார வேண்டும். கிராங்க் அறை வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், துருத்தூளும் உடைந்த ரிங் துண்டும் உள்ளே விழக்கூடாது. இப்போது சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினால் பிஸ்டன் கீழே இறங்கப் பார்க்கும், மரத்துண்டு பிளாக்கை இறங்கவிடாது. பிஸ்டன் பிளாக்கிலிருந்து உருவிக்கொண்டு இறங்கும். அது விடுபடும்போது கேட்கும் "சர்ர்" என்ற சத்தத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தது வீண் போகாது. இறங்கின அளவுக்கு ஆயில் விட்டு, மறுபடி மேலே, இன்னும் உயரமான துண்டு வைத்து மறுபடி கீழே. மூன்று நான்கு சுற்றில் பிளாக் கைக்கு வரும். கடைசியில் பிஸ்டன் வெளியே வரும் நொடியில் ஒரு கையால் பிஸ்டனைத் தாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டட்டில் மோதினால் ஓரம் நெளியும்.

சக்கரத்தில் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டிய அளவுக்குப் பலம் கேட்டால் நிறுத்திவிட்டு மறுபடி இரண்டு நாள் ஊறவையுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பிஸ்டனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. பிஸ்டன் கடையில் கிடைக்கும். நல்ல பழைய பிளாக் கிடைப்பது அரிது. பிஸ்டன் தலையில் துளை போட்டு உடைத்தெடுக்க இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ நல்ல லேத் பட்டறைக்கு வண்டியோடு போங்கள். இதை வீட்டில் டிரில் வைத்துச் செய்ய வேண்டாம், சுவரில் ஒரு கீறல் போதும் பிளாக் போவதற்கு.

ஸ்டட் ஒடிந்துவிட்டதா? மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டில் ஸ்பானர் போட்டுக் கழற்றலாம். முகத்தோடு முகமாக ஒடிந்திருந்தால் அதன்மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்து எடுப்பார்கள், அதுவும் பட்டறை வேலை.

கையில் வந்த பிறகு

சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற குழி இருந்தால் போரிங், அதாவது சுவரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை, செய்ய வேண்டும். கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகப் பெரிய பிஸ்டன் கிடைக்கிறது, முதலிலேயே நிறையக் கடையச் சொல்லாதீர்கள், அடுத்த முறைக்கும் கொஞ்சம் சதை இருக்கட்டும். ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், "டக் டக்" என்று ஆடினால் கிராங்க் வேலையும் இருக்கிறது. ஒரு வாரமாக ஊற்றிய ஆயிலெல்லாம் கிராங்க் அறையில்தான் கிடக்கும். டீசல் விட்டு அலசிக் கொட்டி, கடைசியில் 2டி ஆயில் விட்டுச் சுற்றிவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்ளிப்பும் பேக்கிங்கும் புதியவைதான், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஸ்டட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிரீஸ் மெல்லப் பூசிவிட்டுப் பிளாக்கை இறக்குங்கள். அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

வண்டியைக் கழுவும்போது நம் ஊர் போர் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். பல ஊர்களில் அது வாயில் வைக்க முடியாத உவர்ப்பு, உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவது மாதிரி. மழைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ ஒரு வாளி போதும், துணியில் நனைத்துத் துடைத்துவிடலாம்.

மறுபடி வெளியூர் போவதாக இருந்தால், பிளக் துளையில் ஒரு மூடி 2டி ஆயில் விட்டு நாலு முறை மெல்ல மிதித்துவிட்டு, பிளக்கை மாட்டுங்கள். அப்புறம் கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கி, அழுத்தம் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். பிஸ்டன் மேலே நிற்கும், புகை வாய் மூடியிருக்கும். சைலன்சர் வாயில் ஆயில் துணியைத் திணித்து, அதிலிருந்து ஒரு சிவப்பு நூலை வண்டிச் சாவி வரை இழுத்துக் கட்டிவிடுங்கள், திரும்பி வந்து சாவியை எடுக்கும்போது துணி ஞாபகம் வரும்.